தூக்குக்குண்டு

ஹனோவரில் முதல் இதழ் வந்தது
நாற்பத்தெட்டு பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை.
மூடிக்கிடந்த சாயப் பட்டறையின் பின்கட்டு.
காகிதம் பிரிட்டிஷ் அதிகாரியின் கைச்சாத்தில்;
மையில் மண்ணெண்ணெய் நாற்றம்.
ஆசிரியர் இம்மன்காம்ப்
கொத்தனாரிடம் ஒரு தூக்குக்குண்டை இரவல் வாங்கி
புதிதாய் எழும்பிய குடியிருப்பின் சுவரோரம்
தொங்கவிட்டுப் படம் எடுத்தார்.
நூல் நேர். சுவர் நான்கு விரற்கடை சாய்வு.
அதுதான் அட்டை.
சீமெந்து எங்கே போனது என்று
உள்ளே பதினொரு பக்கம்.
பத்திரிகைக்கும் அதுவே பெயராயிற்று: லோட்.

அறுபத்தொன்றில் பொலீஸ் வந்தது.
எண்பத்து மூன்று பெட்டி.
தட்டச்சு நாடாவைக்கூட உருவிக்கொண்டு போனார்கள்,
அடித்த எழுத்தை அதிலிருந்து படித்துவிடலாமாம்.
அந்த வாரம் முப்பத்திரண்டு பக்கமும் வெள்ளை,
பக்க எண் மட்டும் அச்சில்.
கடைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை.
ஆவண அறையில் ஒரு பிரதி இருக்கிறது,
ஆண்டுக்கு ஒருமுறை நான்தான் தூசி தட்டுவேன்.

தொண்ணூற்று மூன்றில் சேர்ந்தேன்.
எழுதும் வேலை இல்லை, சரிபார்ப்பு.
அச்சுக்குப் போகும் ஒவ்வொரு சொல்லின் தலையிலும்
பென்சிலால் ஒரு சரிக்குறி.
அமைச்சரின் வயது. பாலத்தின் நீளம்.
சாட்சிக்காரி குடித்த கோப்பியில் சீனி உண்டா.
மழை பெய்தது என்றால்
வானிலை நிலையத்துக்கு ஒரு போன்.
கட்டுரை முடிகையில்
கொக்குக் கூட்டம் இறங்கிய வயல் மாதிரிக் கிடக்கும் தாள்.

தொண்ணூற்றாறு ஓகஸ்டில்
ரோடெவால்ட் யாழ்ப்பாணம் போய்வந்தார்.
எழுதினார்:
கிழவர் ஆற்றங்கரையில் கால் கழுவினார்.

எனக்கு ஊர் சண்டிலிப்பாய்.
வழுக்கையாறு எங்கள் வயலைத் தாண்டித்தான் போகும்.
மாரியில் அது ஆறு.
ஓகஸ்டில் அதில் மாடு படுக்கும்.
வரைபடத்தில் நீலக் கோடு இருக்கிறது,
கால் கழுவத் தண்ணீர்தான் இல்லை.

அந்தச் சொல்லின் மேல் கேள்விக்குறி இட்டேன்.
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊர்க்காரி, பக்கச்சார்பு என்பார்கள்.
வாக்கியமோ அழகு.
அந்தக் கிழவர்
எங்கள் ஊர்ப் பெயரை
மூன்றரை லட்சம் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவார்.
அழித்தேன்.
சரிக்குறி போட்டேன்.
கட்டுரைக்கு விருது கிடைத்த மேடையின் கீழே
நானும் கை தட்டினேன்.

எட்டு வருடம் கழித்துக் குட்டு வெளிப்பட்டது.
மலையே இல்லாத ஊரில் ஒரு சுரங்கம்,
பிறக்கவே பிறக்காத ஒரு விதவை.
லோட் தன் சுவரிலேயே குண்டைக் கட்டியது.
கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர், நாற்பது கட்டுரை.
பழைய தாள்களை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார்கள்.
பென்சில் போய்விடும், அழுத்தம் போகாது.
ஆறு என்ற சொல்லுக்கு மேலே
சரிக்குறியின் அடியில்
ஒரு கொக்கி, ஒரு புள்ளி.

"இதை அழித்தது யார்?"
க்வாஸ்ட் அம்மையார் கேட்டார்.
ரோடெவால்ட் என்று சொல்லியிருக்கலாம்.
எல்லாப் பழியும் அப்போது அவர் வாசலில்தான் குவிந்துகொண்டிருந்தது,
இன்னும் ஒன்று பாரமாயிராது.
நான் என்றேன்.
அவர் எழுதிக்கொண்டார்,
எழுதிய சொல்லின் தலையில்
பழக்கதோஷத்தில் ஒரு சரிக்குறியும் போட்டார்.

ஏழாம் பக்கத்துக்கு நான்கு வரித் திருத்தம் தயாரானது:
"அம்மாதத்தில் அவ்வாற்றில் நீர் இருக்கவில்லை."
அதையும் என்னிடம்தான் அனுப்பினார்கள், சரிபார்க்க.

சண்டிலிப்பாய்க்கு போன் எடுத்தேன்.
மச்சாள் சிரித்தாள்.
"அந்த ஓகஸ்டிலையோ?
நாங்கள் மல்லாவியிலை, மரத்துக்குக் கீழை.
ஆர் நின்டது ஊரிலை, தண்ணி பாக்க?"

கிழவர் பொய். அது எனக்குத் தெரியும்.
நீர் இருக்கவில்லை என்பதற்கு
ஒரு சாட்சி இல்லை.
அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.
பென்சிலைச் சீவுகிறேன்,
சீவிய முனையை மறுபடியும் சீவுகிறேன்.